எட்டாவது துளை

என் அண்ணியை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பாதி படித்த பிறகு, ‘என்னப்பா, இந்த ஆள் இப்படிக் கரித்துக்கொட்டுகிறானே’ என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். பதினோரு வருஷம் ஒரே கூரைக்குக் கீழ் இருந்துவிட்டு ஒருவரைப் பிடிக்காது என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு. அவளுக்கும் என்னைப் பிடிக்காது. அந்த ஒரு விஷயத்தில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு வந்ததே இல்லை.

வாடிக்கையாளர்கள் அவளை ‘அரை கிராம் அம்மா’ என்பார்கள். மரியாதையாகத்தான் சொல்கிறார்கள். ‘அரை கிராம்’ என்று வைத்தது நான், வயிற்றெரிச்சலில் வைத்தது. ‘அம்மா’வை அவர்களாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

எங்களுடையது ரோட்டரி எஞ்சின் பட்டறை. மற்ற எஞ்சின்களில் பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும். இதில் பிஸ்டனே கிடையாது. மூன்று முனை வைத்த தடித்த இரும்பு ஒன்று, நாலரைக் கிலோ இருக்கும், கூட்டுக்குள் உருண்டு உருண்டு சுற்றும். அதுதான் ரோட்டர். எங்களிடம் வருகிற எஞ்சின்களில் இரண்டு ரோட்டர் இருக்கும். அவை நேராக நடுவில் சுற்றாமல் கொஞ்சம் ஒதுங்கிச் சுற்றுவதால், ஷாஃப்ட்டின் இரண்டு முனையிலும் ஈடுகட்ட முனைக்கொரு எடை பூட்டியிருக்கும். கவுண்டர் வெயிட் என்போம். ரோட்டரில் எடை குறைத்தால் கவுண்டர் வெயிட்டிலும் கணக்காகக் குறைக்க வேண்டும். பத்து கிராம் பிசகினால், நிமிஷத்துக்கு எட்டாயிரம் சுற்றில் அந்தப் பத்து கிராம் சுத்தியல் எடுத்துக்கொண்டு பேரிங்கை அடிக்கும்.

பேலன்ஸ் மெஷின் அப்பா வாங்கிப் போட்டது. பட்டறையின் பின்னறையில், பச்சைக் கதவுக்குப் பின்னால், கல் மேடைமேல் இருக்கும் தராசுக்குப் பக்கத்தில் அது நிற்கும். அப்பாவுக்குப் பிறகு அண்ணன் அதில் உட்கார்ந்தான். அவன் நிறுப்பான், குடைவான். முன்னறையில் நான் எஞ்சினைப் பூட்டுவேன். சண்டை இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

அண்ணி கல்யாணத்துக்கு முன்னால் ஒரு மருந்துக் கம்பெனியில் இருந்தாள். மாத்திரைக்கான பொடியை நிறுத்துப் பார்க்கிற வேலை. அந்தக் கம்பெனியில் மூச்சைக்கூடத் தராசுப் பக்கம் விடக் கூடாது என்று பழக்கியிருக்கிறார்கள். வந்த முதல் மாதமே பின்னறைக்குள் எட்டிப் பார்த்து, “ஃபேன் ஓடும்போதா நிறுக்கறீங்க?” என்று அண்ணனிடம் கேட்டாள். என் அப்பா காலத்திலிருந்து ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அண்ணன் சிரித்தான். அவள் போய் ஸ்விட்சை அணைத்தாள். தராசின் முள் இரண்டு கிராம் நகர்ந்து நின்றது. அண்ணன் சிரிப்பை நிறுத்தினான். அன்றிலிருந்து எங்கள் பட்டறையில் யாராவது எதையாவது நிறுத்தால் எல்லாரும் வேர்க்க வேண்டும் என்று ஆனது. இரண்டு அறைக்கும் ஒரே ஸ்விட்ச். முன்னறையில் தகரக் கூரைக்குக் கீழ் நான் குனிந்து நட்டு முடுக்கிக்கொண்டிருப்பேன், தலைக்கு மேல் ஃபேன் செத்துப்போகும். ‘அரை கிராமுக்காக ஆளைக் கொல்றாங்க’ என்று ஒரு நாள் கத்தினேன். பெயர் அப்படித்தான் ஒட்டியது.

ஆறு வருஷம் அவள் அண்ணன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மெஷின் காட்டுகிற எண்களை எழுதிக் கொடுத்தாள். நான் அதை அடக்கம் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, கற்றுக்கொண்டிருந்தாள்.

ஏழாவது வருஷம் அண்ணன் மெஷினிலிருந்து எழுந்தவன் அப்படியே சரிந்தான். காதுக்குள் கோளாறு என்றார்கள். உயிருக்கு ஒன்றும் இல்லை, ஆனால் தலையைத் திருப்பினால் அறை சுற்றும். ஊர் எஞ்சினுக்கெல்லாம் பேலன்ஸ் பார்த்தவனுக்கு நேராக நடக்க முடியாமல் போனது. இதைச் சொல்லிச் சிரித்தவர்களை நான் அடிக்கப் போயிருக்கிறேன். சிரித்தவர்களில் நானும் ஒருவன், அது வேறு விஷயம்.

மெஷின் எனக்கு வரும் என்று இருந்தேன். அப்பா சொத்து, நான் இளையவன், பட்டறையிலேயே வளர்ந்தவன். சாப்பாட்டு மேஜையில் பேச்சை எடுத்தேன். அண்ணன் தட்டைப் பார்த்தபடி, “அவ பண்ணட்டும்டா. அவளுக்குக் கை பழகிடுச்சு,” என்றான்.

“அப்ப நான் என்ன பண்ண?”

“நீ பூட்டு. உனக்கு அது நல்லா வரும்,” என்றான்.

அண்ணி கரண்டியை எடுத்தாள். எனக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். அதைவிட அவமானம் எனக்கு அதுவரை நடந்ததில்லை.

அடுத்த நாலு வருஷம் நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் வேலைதான், அதுவும் ஏட்டிக்குப் போட்டியாக. நான் ரோட்டரைக் கழுவிக் கொண்டுபோய் வைப்பேன். அவள் டார்ச் அடித்து, சீல் உட்காரும் பள்ளத்தை ஒரு குச்சியால் சுரண்டி, நகத்தளவு கரியை வெளியே எடுத்துக் காட்டுவாள். “கார்பன் இருக்கு, தம்பி. கழுவிட்டுக் கொண்டு வாங்க.” ஒரே ரோட்டரை ஐந்து முறை திருப்பி அனுப்பியிருக்கிறாள். ஐந்தாவது முறை நான் அதை மேஜைமேல் பொத்தென்று வைத்தேன். “பார்த்து வைங்க, முனை அடிபடும்,” என்றாள். குரலை உயர்த்தவே மாட்டாள். உயர்த்தினால் பதிலுக்கு நானும் கத்தலாம். அந்த வசதியைக்கூட எனக்குத் தரவில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த நாலு வருஷத்தில் எங்களிடமிருந்து போன எஞ்சின்கள் முன்னைவிட வழவழவென்று ஓடின. வாடிக்கையாளர்கள் வந்து புகழ்ந்தபோது, “எல்லாம் பூட்டுற கையில இருக்கு,” என்று சொல்லிக்கொண்டேன்.

அப்போதுதான் பல் டாக்டர் வந்தார். வாரம் முழுக்க பல் பிடுங்குவார், லீவு நாளில் ரேஸ் ஓட்டுவார். அவருடைய எஞ்சினைப் பிரித்துப் புதிதாகக் கட்ட வேண்டும், ரோட்டர் லேசாக வேண்டும், மிதித்ததும் சுற்று ஏற வேண்டும் என்றார்.

“எவ்வளவு குறைக்கலாம்?”

“ரோட்டருக்கு நானூறு கிராம் குறைச்சுத் தரேன், டாக்டர்,” என்றேன். அண்ணனுடைய பழைய நோட்டில் முந்நூறைத் தாண்டி ஒரு எண்கூடக் கிடையாது. வாய் முந்திக்கொண்டது.

பச்சைக் கதவு திறந்தது. “யாரைக் கேட்டு நானூறு சொன்னீங்க, தம்பி?”

“அண்ணனா இருந்தா பண்ணியிருப்பான்.”

“அவரு மாடியிலதான் இருக்காரு. கூப்பிடவா?”

கூப்பிட்டும்விட்டாள். அண்ணன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, படிக்குப் படி நின்று, இறங்கி வந்தான். அதற்குள் அவள் ரோட்டரின் சுவரை நாலு இடத்தில் அளந்துவிட்டாள்.

“வெளிச்சுவர் மெலிசா இருக்கு. அதுல கை வெச்சா ஒரு நாள் பொத்துக்கும். உள்ளே இருக்குற குறுக்குச் சுவர்லதான் குடைஞ்சு எடுக்கணும். அப்படி எடுத்தா நானூறு வரும்,” என்று டாக்டரிடம் சொன்னாள்.

முடியாது என்று சொல்வாள், அதை வைத்து நாலு வார்த்தை பேசலாம் என்று காத்திருந்தவன் நான். முடியும் என்கிறாள். “உள்ளே குடைஞ்சா பேலன்ஸ் நிக்காது. அண்ணனே சொல்லியிருக்கான்,” என்றேன்.

“நிக்கும். கணக்கு வேற போடணும்.”

“அண்ணன் நோட்டுல இருக்குற கணக்கு போதாதா உங்களுக்கு?”

“இதுக்குப் போதாது.”

அண்ணனை வைத்துக்கொண்டே சொன்னாள், அதுவும் வாடிக்கையாளர் முன்னால். அண்ணன் ஏதாவது சொல்வான் என்று பார்த்தேன். அவன் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டான். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

“சரி. எல்லாரும் கேட்டுக்குங்க. இந்த எஞ்சின் ஆடுச்சுன்னா அண்ணி அந்த மெஷினை விட்டு எழுந்துடணும். அப்புறம் அதுல நான்தான் உட்காருவேன்.”

டாக்டர் தர்மசங்கடத்தில் தன் கார் சாவியைப் பார்த்தார். அண்ணி யோசிக்கவே இல்லை. “ஆடலைன்னா?”

“ஆடலைன்னா என்ன?”

“ஆடலைன்னா, இனிமே நான் ஃபேனை நிறுத்தும்போது நீங்க வாயைத் திறக்கக் கூடாது.”

அவள் வைத்த பந்தயம் அவ்வளவுதான். அவளுக்கு அந்த மெஷின்தான் எல்லாம் என்று எனக்குத் தெரியும். அண்ணன் மாடியில் முடங்கிய பிறகு அந்த வீட்டில் அவளுக்கென்று இருந்த ஒரே இடம் அது. தெரிந்துதான் கேட்டேன்.

பத்து நாள் குடைந்தாள். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, ரோட்டரின் பக்கவாட்டுத் திறப்பு வழியாகக் கருவியை உள்ளே விட்டு, சுற்றிச் சுற்றி மூன்று மூலையிலும் ஒரே அளவு எடுத்தாள். மணிக்கொரு தரம் நிறுத்தாள். மணிக்கொரு தரம் எனக்கு வேர்த்தது. கடைசியில் இரண்டு ரோட்டரும் ஒரே எடையில் வந்து நின்றன. ரோட்டரைத் தண்டில் மாட்டி எந்தப் பக்கம் திருப்பிவிட்டாலும் விட்ட இடத்தில் நின்றது, கீழே இறங்கவில்லை. நான் கதவோரத்தில் நின்று பார்த்தேன். அழகாக இருந்தது. சொல்லவில்லை.

அதற்கு அடுத்த நாள் ஒரு கூத்து நடந்தது. சமையலறையிலிருந்து பெரிய தவலையைக் கொண்டுவந்து, ரோட்டருக்குள் எஞ்சின் எண்ணெயை ஊற்றி, குலுக்கி, கவிழ்த்து, வடியவிட்டு, தராசில் வைத்து நிறுத்தாள். மறுபடி ஊற்றினாள், மறுபடி வடித்தாள். காலையிலிருந்து மதியம் வரை இதுவேதான்.

“என்ன அண்ணி, ரோட்டருக்குத் தலைக்கு ஊத்துறீங்களா?”

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. “கதவைச் சாத்திட்டுப் போங்க. காத்து வருது.”

எண்ணெய் விஷயம் எனக்குத் தெரியாதது இல்லை. எஞ்சின் ஓடும்போது சூட்டைத் தணிக்க எண்ணெய் ரோட்டரின் வயிற்றுக்குள் போய்வரும், அதில் கொஞ்சம் எப்போதும் உள்ளேயே நிற்கும். அந்த எடையையும் சேர்த்துத்தான் கவுண்டர் வெயிட் வெட்ட வேண்டும். அண்ணனின் நோட்டில் முதல் பக்கத்திலேயே அதற்கு ஓர் எண் இருக்கிறது, சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டு. எல்லா எஞ்சினுக்கும் அதே எண்தான். அவள் அதை விட்டுவிட்டுத் தவலையோடு மல்லுக்கட்டியது எனக்குத் திமிராகப் பட்டது.

கவுண்டர் வெயிட் இரண்டையும் வெட்டி என் மேஜைக்கு அனுப்பினாள். எடை குறைப்பதற்காகப் பின்பக்கத்து வெயிட்டில் வரிசையாக ஏழு துளை, முன்பக்கத்ததில் ஐந்து. அண்ணனுக்குச் சாப்பாடு கொடுக்க அவள் மாடிக்குப் போயிருந்த நேரத்தில் நான் நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ரோட்டரின் புது எடை, அண்ணனின் எண்ணெய் எண், மையத்திலிருந்து தூரம் எல்லாம் சேர்த்துப் போட்டேன். பின்பக்கத்து வெயிட் இருபத்திரண்டு கிராம் அதிகம் என்று வந்தது. முன்பக்கத்ததும் அதிகம்தான். மூன்று தடவை போட்டேன். மூன்று தடவையும் அதே விடை. அரை கிராம் அம்மா இருபத்திரண்டு கிராம் தப்பு பண்ணியிருக்கிறாள்.

அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்ல? பிள்ளை பிறந்தபோதுகூட எனக்கு அப்படி இருந்ததில்லை. என் மனைவியிடம் இதைச் சொல்ல வேண்டாம்.

இப்போது நீங்கள் கேட்பீர்கள்: தப்பு என்று தெரிந்தால் அப்படியே விட்டிருக்கலாமே, எஞ்சின் ஆடியிருக்கும், பந்தயம் உனக்குத்தானே? விட முடியவில்லை. நான் எவ்வளவு கெட்டவனாக இருந்தாலும், தப்பு என்று தெரிந்த எடையை எஞ்சினில் பூட்ட என் கை வராது. தவிர, அதைவிட இனிப்பான யோசனை ஒன்று வந்தது. நானே சரிசெய்வேன். எஞ்சின் அருமையாக ஓடும். டாக்டர் ஒரு ரேஸ் ஓட்டிவிட்டு வந்து புகழ்வார். அப்போது அண்ணனைக் கீழே கூப்பிட்டு, கவுண்டர் வெயிட்டைக் கழற்றி, இதோ பார், உன் பெண்டாட்டி போட்டது ஏழு, நான் போட்டது எட்டாவது, இது இல்லையென்றால் டாக்டர் இன்றைக்கு உயிரோடு இல்லை என்று காட்டுவேன். அவளிடம் முன்கூட்டியே சொன்னால் பேசாமல் திருத்திக்கொள்வாள், யாருக்கும் தெரியாமலே போய்விடும். அவளை நாலு பேர் முன்னால் மூக்கறுக்க வேண்டும். எனக்கு வேண்டியது அதுதான்.

டிரில்லை எடுத்து எட்டாவது துளையைப் போட்டேன். முன்பக்கத்ததில் ஆறாவது. அவள் செய்வதைப் போலவே விளிம்பை லேசாகச் சீவிவிட்டேன். இரும்புச் சுருளைப் பெருக்கிக் குப்பையில் கொட்டினேன். மாடியிலிருந்து தட்டு கழுவுகிற சத்தம் கேட்டபோது நான் வெயிட்டைத் துடைத்து வைத்துவிட்டேன்.

எஞ்சினைப் பூட்டி ஸ்டார்ட் செய்தோம். மெதுவான சுற்றில் பூனை மாதிரி முணுமுணுத்தது. எஞ்சின்மேல் ஒரு நாணயத்தை நிறுத்தி வைத்தேன், விழவில்லை. அண்ணி கதவோரத்தில் நின்று கேட்டாள். நெற்றியைச் சுருக்கினாள். “கொஞ்சம் ஏத்துங்க,” என்றாள். புது எஞ்சினை முதல் நாளே ஏற்றக் கூடாது என்று நான் அணைத்துவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து டாக்டர் லாரியில் வந்து இறங்கினார். கார் லாரியின் முதுகில் இருந்தது. அவர் கையில் காரின் உள்கண்ணாடி இருந்தது.

“ஏழாயிரம் வரைக்கும் சொர்க்கம். எட்டாயிரம் தாண்டினதும் கடவாய்ப் பல்லெல்லாம் ஆடுது. கண்ணாடி கழண்டு மடியில விழுந்துடுச்சு. அப்புறம் எஞ்சின் சுத்த முடியாம இறுகிப் பிடிச்சுக்கிச்சு, வண்டி பாதையிலேயே குறுக்கா நின்னுடுச்சு. பின்னால வந்தவன் ஒரு சாண் இடைவெளியில ஸ்டியரிங்கை ஒடிச்சுத் திருப்பிட்டுப் போனான்,” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கண்ணாடியை மேஜைமேல் நிறுத்த மூன்று தடவை முயன்றார். அந்தக் கையால் அன்றைக்கு யாருக்கும் பல் பிடுங்கியிருக்க முடியாது.

எஞ்சினை நானே பிரித்தேன். பேரிங் தேய்ந்து செம்பு தெரிந்தது. ரோட்டர் பக்கச் சுவரில் உரசி வட்டமாகக் கோடு போட்டிருந்தது. நாற்காலியில் அண்ணன், அவன் பக்கத்தில் டாக்டர், மேஜைக்கு அந்தப் பக்கம் அண்ணி. பின்பக்கத்து வெயிட்டைக் கழற்றி, துளை கீழே இருக்கிற மாதிரி மேஜைமேல் வைத்தேன்.

அவள் அதை எடுத்துத் திருப்பினாள். கட்டைவிரலை ஒவ்வொரு துளையாக வைத்துக்கொண்டு போனாள். கடைசித் துளையில் விரல் நின்றது. பிறகு முன்பக்கத்து வெயிட்டையும் எடுத்து எண்ணினாள்.

என் கணக்குதான் சரி, அவள் வேறு எங்கோ கோட்டை விட்டிருக்கிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அதில் பாதியை நானே நம்பவில்லை.

அண்ணி என்னைப் பார்த்தாள். “தம்பி, ஏதாவது சொல்லணுமா?”

அண்ணன் கண்ணைத் திறந்தான். டாக்டரும் என்னைப் பார்த்தார். ஒரு வாக்கியம் சொன்னால் போதும்.

“சொல்றதுக்கு என்ன இருக்கு? பேசினது பேசினதுதான்,” என்றேன்.

“சரி,” என்றாள். மேலே போட்டிருந்த வேலைத் துணியைக் கழற்றி, மடித்து, மெஷின்மேல் வைத்தாள். பின்பக்கத்து வெயிட்டைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. டாக்டரிடம் போய், “மன்னிச்சிடுங்க. எப்படியோ உயிர் தப்பிச்சீங்களே,” என்றாள். அந்த வாரமே வீட்டையும் காலி செய்துவிட்டார்கள். அண்ணன் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு வாசல் இறங்கினான். நான் வாடகை வண்டிக் கதவைத் திறந்துவிட்டேன். அவன் என்னிடம் சொன்ன கடைசி வார்த்தை, “மெஷினுக்கு எண்ணெய் போடு” என்பது.

மெஷின் என்னுடையதானது. முதல் வேலையாக ஃபேனைப் போட்டேன், ஐந்தில் வைத்தேன்.

ஆறு மாதம் சாதாரண வேலைகள் வந்தன, சமாளித்தேன். பிறகு ஒருவர் லேசாக்கிய ரோட்டர் வேண்டும் என்றார். அண்ணி செய்ததைப் பார்த்த கண் இருக்கிறதே, நானும் உள்ளே குடைந்தேன். நோட்டின்படி வெயிட்டை வெட்டி, பூட்டி, ஓட்டிப் பார்த்தேன். ஏழாயிரத்துக்கு மேல் அதே நடுக்கம். மறுபடி பிரித்து, ரோட்டர் இரண்டையும் மேஜைமேல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் மேஜையிலிருந்து எண்ணெய் வழிந்து தரையில் குட்டை கட்டியிருந்தது. எந்த ரோட்டரிலிருந்தும் அவ்வளவு எண்ணெய் வடிந்து நான் பார்த்ததில்லை.

மிச்சத்தையும் வடித்து நிறுத்துப் பார்த்தேன். அண்ணனின் சிவப்பு மை எண்ணைப் போல் ஏறக்குறைய இரண்டு பங்கு. குடைந்தால் வயிறு பெரிதாகிறது, பெரிய வயிற்றில் எண்ணெய் அதிகம் நிற்கும். இதைப் புரிந்துகொள்ள ஒரு பெரிய படிப்பு தேவையில்லை. சமையலறைத் தவலை ஒன்று போதும். அவள் அதை என் கண் முன்னால், காலையிலிருந்து மதியம் வரை செய்தாள். நான் தலைக்கு ஊற்றுகிறீர்களா என்று கேட்டேன்.

அந்த இருபத்திரண்டு கிராம் தப்பே இல்லை. அது எண்ணெய்.

அன்றைக்கே போய்ச் சொல்லியிருக்கலாம். அவர்கள் இருந்தது இரண்டு தெரு தள்ளி. போகவில்லை. வேலை இருக்கிறது என்று சொல்லிக்கொண்டேன். வேலையும் குறைந்துகொண்டே வந்தது. அண்ணி ஒரு மூடிய கடைக்குப் பின்னால் அறை எடுத்து, பழைய மெஷின் ஒன்றை வாங்கிப் போட்டிருக்கிறாள் என்று சொன்னார்கள். மற்ற பட்டறைக்காரர்களெல்லாம் அங்கே போனார்கள்.

மூன்று வருஷம் கழித்து, போன மாதம், பல் டாக்டர் வந்தார். அதே எஞ்சினை மறுபடி கட்ட வேண்டுமாம்.

“பூட்டுறது நீங்க. ஆனா பேலன்ஸ் அந்த அம்மாகிட்டத்தான். அதுக்குச் சம்மதம்னா சொல்லுங்க,” என்றார்.

“உங்க எஞ்சினைக் கெடுத்தது அவங்கதானே, டாக்டர்?” என்று கேட்டேன். இந்த வாய் எனக்கு எப்போது அடங்கும் என்று தெரியவில்லை.

டாக்டர் என் முகத்தைக் கொஞ்ச நேரம், பல்லைப் பார்ப்பது போலவே பார்த்தார். “அப்படியா?” என்றார்.

டாக்டர் மாற்றாகத் தந்த இரண்டு பழைய ரோட்டரையும் கழுவித் துடைத்து, துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனேன். சின்ன அறை. ஒரு ஜன்னல், ஒரு ஃபேன், கல் மேடை, தராசு. மெஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் அண்ணன் உட்கார்ந்து நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தான். எழுதிக் கொடுக்கிற வேலை இப்போது அவனுடையது.

“வாங்க சார். அங்க வெச்சிடுங்க,” என்றாள் அண்ணி.

பதினோரு வருஷம் தம்பி என்று கூப்பிட்டவள். எரிச்சலோடு கூப்பிட்டாலும் தம்பிதான். நான் வைத்தேன்.

அண்ணன் குனிந்த தலையை நிமிர்த்தாமல், “பேரு?” என்று கேட்டான்.

தலையை நிமிர்த்தினால் அவனுக்குச் சுற்றும், அதனால் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். குரலுமா தெரியாது? நான் பிறந்தபோது என் பெயரைத் தேர்ந்தெடுத்தது அவன்தான் என்று அம்மா சொல்வாள். அந்தப் பெயரை அவனிடம் சொன்னேன். எழுதிக்கொண்டான்.

அப்போதுதான் பார்த்தேன். தராசுக்குப் பக்கத்தில் ரசீதுகள் பறக்காமல் இருக்க அந்தக் கவுண்டர் வெயிட்டை வைத்திருந்தாள், துளைகள் மேலே தெரிகிற மாதிரி. நான் எண்ணவில்லை. எனக்குத் தெரியாதா? எட்டாவதில் மட்டும் விளிம்பு ஒரு பக்கம் கோணலாகச் சீவியிருந்தது.

“அண்ணி,” என்றேன். “அது நான் போட்டது.”

“தெரியும்.”

“எண்ணெய்க் கணக்கு எனக்கு அப்புறம்தான் புரிஞ்சுது.”

“ம்.”

“விரலை வெச்சப்பவே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. அண்ணனும் டாக்டரும் அங்கதானே இருந்தாங்க. அன்னைக்கே ஏன் சொல்லலை?”

அவள் ரோட்டரைச் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவிழ்த்து முடித்துவிட்டுத்தான் பேசினாள். கோபமோ அழுகையோ இருந்திருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும்.

“சொல்லியிருந்தா நீங்க மன்னிப்புக் கேட்டிருப்பீங்க. இவரும் போனது போகட்டும்னு சொல்லியிருப்பாரு. அப்புறம் நான் அங்கேயே இருந்திருக்கணும், சார்.”

அண்ணன் பேனா எழுதிக்கொண்டே இருந்தது.

அவள் கையை நீட்டி ஃபேனை அணைத்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. டார்ச் அடித்து, குச்சியை எடுத்து, முனையில் இருந்த பள்ளத்தைச் சுரண்டினாள். குச்சியை என் கண்ணுக்கு நேரே காட்டினாள். நகத்தளவு கூட இல்லை, மிளகில் பாதி.

“கார்பன் இருக்கு. கழுவிட்டுக் கொண்டு வாங்க.”

இரண்டு ரோட்டரையும் மறுபடி துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டேன். ஒன்பது கிலோ. வாசற்படி தாண்டித் தெருவில் இறங்கியபோது, எனக்குப் பின்னால் ஃபேன் ஓடத் தொடங்குகிற சத்தம் கேட்டது.